நான் இருக்கிறேன் என்னும் செய்தி

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. அன்று நான் லீவு. ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு, வந்தவர்களில் ஒருவனாக அங்கே போயிருந்தேன். முந்தின நாளிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்றாள். அரியலூரிலிருந்து கார் வந்து சேரும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கேட்டதற்கு, "மேல மேடம் படத்தப் பாத்துட்டுச் சொல்லுவாங்க" என்றார். ஸ்கேன் அறையில் யார் கேட்டாலும் இதுதான் பதில். ஆனால் தினமும் என்னோடு டீ குடிக்கிற மனுஷன், அன்று என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.

மாடியில் டாக்டரம்மாவிடம் போனால் படம் வந்து சேரவில்லை. கட்டடம் முழுக்க நெட்வொர்க் நின்றுபோயிருந்தது. ரிசப்ஷன் பெண் என்னைக் கண்டதும், "சார், நல்லவேளை வந்துட்டீங்க! ஒரு பில்லுகூடப் போட முடியல" என்றாள். அட, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா! மனைவிதான் அனுப்பிவைத்தாள். "போய்ப் பாருங்க. படம் வந்தாத்தான சொல்லுவாங்க."

கம்ப்யூட்டர் கேபிள்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் எல்லா விளக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து மின்னிக்கொண்டிருந்தன. எங்கோ வளையம் விழுந்துவிட்டது. சுவிட்சுகளை வளையமாக இணைத்துவிட்டால் ஒரே தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லா வழியையும் அடைத்துவிடும். அதைத் தடுக்க அவை தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாக வைத்துக்கொள்ளும். தலைவன் இரண்டு விநாடிக்கு ஒருமுறை, நான் இருக்கிறேன் என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். மற்றவை அதைக் கேட்டு, தலைவனிடமிருந்து தாம் எவ்வளவு தொலைவு என்பதையும் சேர்த்து அடுத்ததற்குச் சொல்லும். ஒரே செய்தி இரண்டு வழியாக வந்தால் வளையம் இருக்கிறது என்று அர்த்தம். தூரத்து வழியை மூடிவிடும். மூடிய வழி எதையும் கடத்தாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். செய்தி நின்றுபோனால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று முடிவுகட்டும்.

மருந்துக் கவுண்டர் சுவிட்சில் மட்டும் அந்த ஏற்பாட்டை எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மகராசன் அணைத்துவைத்திருந்தான். புதிதாகக் கேபிள் செருகினால் அந்த வழி அரை நிமிஷம் பேசாமல் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். அதற்குக்கூட இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. பெருக்குகிற அக்கா, அந்தச் சுவிட்சிலிருந்து வந்து தரையில் கிடந்த கேபிளின் மறுமுனையை எடுத்து அதே சுவிட்சின் காலி ஓட்டையில் செருகியிருந்தார்.

"காலத் தட்டுதேன்னு சொருவுனேன் சார். தப்பா?"

"இல்லக்கா, வுடுங்க."

கேபிளை உருவினேன். அணைத்துவைத்திருந்ததை இயக்கினேன். கேட்டுக்கொண்டிருக்கிற அந்த அரை நிமிஷமும் விளக்கு ஆரஞ்சிலேயே நின்றது. அது அப்படியே நிற்கட்டும், பச்சைக்கே வர வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. பயமா என்றால் அதுவும் இல்லை. ஸ்கேன் டாக்டர் குனிந்துகொண்டது மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது. பச்சை வந்தது. ரிசப்ஷனிலிருந்து, "வந்துடுச்சு சார்!" என்று சத்தம் கேட்டது.

நான் மாடி ஏறுவதற்குள் படம் திறந்துவிட்டது. டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லம்மா" என்றார்.

அவள் அழவில்லை. டாக்டரம்மாவை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெட்டு சரியாத்தான் வேல செய்யுதாங்க? அவசரத்துல பாத்துருப்பீங்க. இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.