வீரபாகு போட்ட வளையம்

எது ஆடினாலும் வீரபாகு அண்ணைக்குப் பொறுக்காது. கதிரையின் கால் ஆடினால் ஆப்பு வைப்பார். கிணற்றுக் கப்பி ஆடினால் ஏறி நின்று இறுக்குவார். ஒருமுறை தன்னுடைய அறைக் கதவின் பிணைச்சலை அவர் இறுக்கிய இறுக்கில், உள்ளே நின்ற அவர் மனைவி ராக்காயி அக்கா வெளியே வர முடியாமல் போய்விட்டது.

"இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டது பத்தாதுன்னு பூட்டி வேற வைக்கணுமா?" என்று யன்னலுக்குள்ளால் அவர் போட்ட சத்தம் ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டது.

தருமபுரத்தில் என் மாமா தில்லைநாதனின் நெல் மில்லில் வீரபாகு அண்ணைதான் எஞ்சின்காரர். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் பதினேழு வயதில் எஞ்சின் அறைக்குள் போனவர். "ஆடுற சாமான் சாகிற சாமான்" என்பது அங்கே கற்ற பாடம். எழுபத்தேழுக் கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வவுனியா எல்லைப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு வந்தார்கள். எண்பத்து நாலில் அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். அதன் பிறகு கிளிநொச்சியில் மாமாவின் மில்லும், மில் வளவுக்குள் ஓர் அறையும். தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது எஞ்சினும் அவரும் ராக்காயி அக்காவின் சட்டிபானைகளும் ஒரே டிராக்டர் பெட்டியில் தருமபுரத்துக்கு வந்து சேர்ந்தன. இங்கேயும் மில் வளவுக்குள் ஓர் அறை. அதைத் தவிர இருவருக்கும் இந்த நாட்டில் ஒரு முழம் நிலம் கிடையாது.

தொண்ணூற்றேழு மாசியில் எஞ்சினைப் புது இடத்தில் பூட்டும்போது அவர் மேல் மூடியைத் திறந்து பார்த்தார். புகை வெளியே போகும் வால்வுகள் நான்கு. ஒவ்வொன்றின் ஸ்பிரிங்குக்குக் கீழேயும் ஒரு தடித்த இரும்பு மூடி. விரலால் தொட்டால் மூடி திரும்பியது. உள்ளே ஏதோ சின்னதாக உருண்டு 'கிளிக்' என்றது. டிராக்டர் பெட்டியில் வந்த குலுக்கலில் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது என்று அவர் முடிவு செய்தார். அந்த மூடிகளைக் கழற்றி, பழைய இரும்புக் குழாயில் அதே உயரத்துக்கு நான்கு வளையங்கள் வெட்டினார். மின்சாரமும் இல்லை, கடைசல் இயந்திரமும் இல்லை. வெறும் அரத்தால் மூன்று கிழமை அராவினார். போட்டு முடித்து விரலால் அசைத்துப் பார்த்தபோது ஒன்றும் அசையவில்லை. அந்த வளையங்களைப் பற்றி அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

நாற்பது நாளில் ஒரு வால்வு எரிந்தது.

அதன் பிறகு இதுவே வழக்கமாயிற்று. நாற்பது நாள் ஓடும். எஞ்சின் இருமும், கறுப்பாய்ப் புகைக்கும், பிறகு எத்தனை பேர் கைபிடி சுற்றினாலும் உயிர் வராது. திறந்து பார்த்தால் வால்வின் விளிம்பில் எலி கடித்த தேங்காய்ச் சொட்டுப் போல ஒரு துண்டு போயிருக்கும். எங்கெங்கோ கிடந்த பழைய எஞ்சின்களிலிருந்து ஒத்துவரும் வால்வைத் தேடி எடுத்து, சலித்த மணலைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசி, இரண்டு உள்ளங்கைகளுக்கிடையில் தடியை வைத்து மோர் கடைவது போல அரைத்து அரைத்து அதை அது உட்காரும் இடத்தில் பொருத்துவார். நான்கு நாள், ஐந்து நாள் போகும். அதுவரை வரிசையில் கிடக்கும் நெல் மூட்டைகளைச் சனம் திரும்பச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும். வீடுகளில் உலக்கைச் சத்தம் கேட்கும்.

காரணத்தை யாரும் தேடவில்லை. எங்கள் பக்கத்துக்கு டீசல் வர அரசாங்கத்தின் தடை; எல்லா எஞ்சினும் மண்ணெண்ணெயில் பழைய ஒயிலைக் கலந்துதான் ஓடியது. ஆகவே மண்ணெண்ணெய்தான் காரணம் என்று மாமா சொன்னார், நெல்லோடு வந்தவர்கள் சொன்னார்கள், வீரபாகு அண்ணையும் சொன்னார். அந்த நாட்களில் பல்லு வலித்தாலும் தடையைத்தான் சொல்வோம். பல நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

தொண்ணூற்றெட்டு தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஆறாவது வால்வு எரிந்தது. மாமா எஞ்சின் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வீரபாகு, இது ஆறாம் தரம். மாசி அறுப்பு முடியமுந்தி இன்னொருக்கா இது படுத்துதெண்டால் நான் புதுக்குடியிருப்பிலயிருந்து ஆள் எடுக்கப்போறன். வாறவனுக்கு அறை குடுக்கவேணும். விளங்குதே?"

"விளங்குது முதலாளி."

"தோட்டத்து எஞ்சின் வேற, இது வேற எண்டு நான் அப்பவே யோசிச்சிருக்கவேணும்."

வீரபாகு அண்ணை கையிலிருந்த சாவியால் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இன்னும் இறுக்கினார்.

எஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று மாமாவின் டிரங்குப் பெட்டியில் காணி உறுதிகளோடு கிடந்தது. படங்களை மட்டும் வீரபாகு அண்ணை முன்பு பார்த்திருக்கிறார். நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்ததால், வால்வுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று வாசித்துச் சொல்லும்படி அதைக் கொண்டுவந்து தந்தார். இடைவெளி உடனே கிடைத்தது. அதே பக்கத்தின் பின்புறத்தில் ஒரு படமும் இருந்தது. அதை வாசித்த பிறகு இரண்டு நாள் அவரிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் எஞ்சின் அறைக்குப் போனேன்.

"அண்ணை, இந்தப் படத்தில ஸ்பிரிங்குக்குக் கீழ ஒரு மூடி இருக்கு. எங்கட எஞ்சினில இருக்கோ?"

"இருந்தது டீச்சர். ஆடினது. கழட்டிப்போட்டுத்தானே வளையம் போட்டனான்."

"அது ஆடுறதுக்கெண்டே வைச்சதாம்."

வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் அமுங்கும். அந்த அமுக்கத்தில் மூடிக்குள் இருக்கும் ஆறு இரும்பு உருண்டைகளும், அதாவது போல்ஸும், தத்தம் சரிவில் கொஞ்சம் உருளும். அவை உருள, வால்வு ஒரு மயிரளவு திரும்பும். மூடும்போது சின்னச் சுருள்கள் போல்ஸை மட்டும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். வால்வு திரும்பியது திரும்பியதுதான். இப்படி நாள் முழுவதும் மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பதால் கரி ஓரிடத்தில் படியாது, சூடு ஓரிடத்தையே தாக்காது, தேய்வு வட்டம் முழுவதும் ஒரே அளவாக இருக்கும். மோசமான எண்ணெய்க்கு இது இன்னும் அவசியம் என்று புத்தகம் சொன்னது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"இதை எழுதினவன் மண்ணெண்ணெயில ஓட்டிப் பாத்தவனே?" என்று அவர் கோபமாகக் கேட்டார்.

அவர் மூலைக்குப் போய் ஒரு சாக்கை இழுத்து வந்தார். எரிந்த வால்வு ஆறையும் அவர் எறியவில்லை. அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது: எந்தச் சாமானைப் பூட்டினாலும் அரத்தால் ஒரு கோடு கீறி, திரும்பப் பூட்டும்போது அந்தக் கோட்டுக்கு நேராகவே வைப்பார். ஆறு வால்வையும் கோடு தன்னைப் பார்க்கும்படி மர வாங்கின் மேல் வரிசையாக நிறுத்தினார். ஆறும் கோட்டுக்கு இடப்பக்கம்தான் எரிந்திருந்தன.

ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை ஓட்டினார். "மண்ணெண்ணெய்க்குக் கண் இருக்கே டீச்சர், ஒரே இடத்தைப் பாத்துச் சுட?" என்றார் கடைசியில்.

மாமாவிடம் உடனே போய்ச் சொல்லப் புறப்பட்டவரை ராக்காயி அக்கா மறித்தார். "இப்ப சொன்னீங்கன்னா மூட்டையைக் கட்டுன்னுதான் சொல்வாரு. ஓட வச்சிட்டுச் சொல்லுங்க."

மூடிகள் நான்கும் ஒரு பால்மா டின்னுக்குள் பத்திரமாக இருந்தன. ஆனால் உள்ளே போல்ஸ் இல்லை. சைக்கிள் சாமான் எதுவும் வராத காலம். நல்ல இரும்பு போல்ஸ் இருபத்து நாலு சும்மா கிடக்க விட அவருக்கு மனம் வரவில்லை. மூடிகளைக் கழற்றிய அன்றே பன்னிரண்டை, பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவரின் சைக்கிளுக்குப் போட்டார். அந்த மனிதர் பிறகு மல்லாவிப் பக்கம் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. மற்றப் பன்னிரண்டும் மருத்துவிச்சி நேசமலரின் சைக்கிளுடைய முன் சில்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். விசுவமடு வரைக்கும் பிள்ளைப்பேறு பார்க்க அந்தச் சைக்கிளில்தான் போவார். 'வீரபாகு அண்ணை போட்ட போல்ஸ், வெண்ணெயில போறமாதிரி' என்று சொல்லாத நாள் இல்லை.

மிஸ்ஸியிடம் கேட்கப் போனபோது வீரபாகு அண்ணை என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார். அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப ஒரு வரியமா மில் என்ர சில்லுக்குள்ள கிடந்திருக்கு?" என்றார் மிஸ்ஸி. "ஊர்ச் சனம் உலக்கை பிடிச்ச பாவமெல்லாம் என்ர தலையிலயோ?"

"கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. என்ர சைக்கிள் போல்ஸை உங்களுக்குப் போட்டுத்தாறன்."

"அதையே எஞ்சினுக்குப் போடலாமே?"

"அது தேய்ஞ்சு உழுந்து மாதிரிப் போச்சு. சில்லுக்குள்ள எப்பிடியும் ஓடும். மூடிக்குள்ள சரிவில ஏறாது."

"நல்ல கதை. எஞ்சினுக்கு நல்லது, எனக்கு உழுந்து." மிஸ்ஸி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். "எடுங்கோ. நாளைக்கு விடிய எனக்குச் சைக்கிள் வேணும். விசுவமடுவில ஒருத்திக்கு நாளாச்சு."

பன்னிரண்டு கிடைத்தது. தேவை இருபத்து நாலு. நான்கு வால்வில் இரண்டுக்கு மட்டும் போட்டால் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று அறுப்புக்கு நடுவில் எரியும். எரிந்தால் அறை போகும். அவர் போல்ஸை ஒரு சிரட்டையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார். திட்டினார்: தன்னை, மல்லாவிக்குப் போன மனிதரை, தன் அரத்தை.

"ஒரு மூடிக்கு எத்தனை குழி?" என்று அடுப்பை ஊதிக்கொண்டே ராக்காயி அக்கா கேட்டார்.

"ஆறு."

"ஒண்ணு விட்டு ஒண்ணு போடுங்க. மூணு கல்லு மேலதான் இந்தப் பானையே நிக்குது. ஆறு கல்லா வச்சிருக்கேன்?"

அவர் அடுப்பைப் பார்த்தார். சிரட்டையிலிருந்ததை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு எழுந்து போனார்.

சின்னச் சுருள்கள் துருவேறி உடைந்திருந்தன. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள் ஒன்றின் இழைகளைப் பிரித்து, சாக்குத் தைக்கும் ஊசியில் சுற்றிப் பன்னிரண்டு செய்தார். அதற்கு மூன்று நாள். பாதி ஊசியிலிருந்து பாய்ந்து மண்ணுக்குள் போய், நாங்கள் எல்லோரும் குந்தியிருந்து காந்தத்தால் தேடினோம். அவர் போட்ட வளையங்கள் நான்கையும் கழற்றி வாங்கில் வைத்தார். மினுமினுவென்று, ஒரு பிழையும் இல்லாத வேலை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவருக்கு எரிச்சல் கூடியது.

மேல் மூடி இல்லாமல் எஞ்சினை இயக்கியபோது, நான்கு ஸ்பிரிங்கின் தலையிலும் ராக்காயி அக்காவின் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒவ்வொரு புள்ளி வைத்திருந்தார். எஞ்சின் அதிர்ந்தது. ஒயில் தெறித்தது. புள்ளிகள் மேலும் கீழும் குதித்தன, வேறொன்றும் நடக்கவில்லை. அவர் முகம் கறுத்தது. எஞ்சின் சூடேறிய பிறகு முதலாவது புள்ளி சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்ததைக் கண்டேன். பிறகு இரண்டாவது. நாலாவதுதான் அடம்பிடித்தது, கடைசியில் அதுவும் நகர்ந்தது. ஆட வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் இறுக்கிய மனிதர், நாலு சுண்ணாம்புப் புள்ளி ஆடுவதைக் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி முழுவதும் மில் ஓடியது. பங்குனியும் ஓடியது. நாற்பதாவது நாள் அவர் சாப்பிடவில்லை. ஐம்பது போனது, அறுபது போனது. கடைசி மூட்டையும் அரைத்து முடிந்தபின், ராக்காயி அக்கா சொன்னபடி மாமாவிடம் போனார். நான் விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"முதலாளி, ஆறு வால்வும் எரிஞ்சது என்ர பிழையாலதான். நான் போட்ட வளையத்தால."

மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சும்மா விசர்க்கதை கதையாதை. மண்ணெண்ணெயாலதான் எரிஞ்சது. இந்த முறை வந்தது நல்ல மண்ணெண்ணெய்."

"இல்லை முதலாளி. நான் திறந்து வைச்சிருக்கிறன், வந்து பாருங்கோ. சுத்திவர ஒரே மாதிரி..."

"திறந்தனியே? ஓடுற எஞ்சினை ஏன் திறந்தனி?" இப்போதுதான் மாமா எழும்பினார். "உனக்குக் கை சும்மா இராதே? போய் மூடு!"

வீரபாகு அண்ணை எஞ்சின் அறைக்குத் திரும்பினார். "பிழை செய்யேக்க ஏசேல்லை. ஒத்துக்கொண்டால் ஏசுறார்" என்றார் என்னைப் பார்த்து. ஒரு வால்வை எடுத்து வாங்கில் வைத்தார். விளிம்பு சுற்றிவர ஒரே சாம்பல் நிறத்தில், ஒரு பள்ளமும் இல்லாமல் இருந்தது. கழற்றும்போது அவர் கீறிய கோடு நேருக்கு நில்லாமல் எங்கேயோ ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

அந்த வால்வைப் பார்க்க வந்தது மிஸ்ஸி மட்டும்தான். ரோட்டில் திரும்பும்போதே 'கறகற' என்று முன் சில்லு சொல்லிவிட்டது. வால்வை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு வடிவா வந்திருக்கே. இனி இதுக்குள்ள இருந்து என்ர போல்ஸை எப்பிடித் திருப்பிக் கேக்கிறது?"

"மல்லாவிக்கு ஆள் போகேக்க விசாரிக்கச் சொல்லியிருக்கிறன் மிஸ்ஸி. கிடைச்சால் முதல் உங்களுக்குத்தான்."

"ஓமோம். அதுவரைக்கும் நான் வாறது அரைக் கட்டை தூரத்திலயே பிள்ளைத்தாச்சிகளுக்குத் தெரியும். நல்லதுதான்." அவர் சைக்கிளில் ஏறினார். முன் சில்லு ஒருபக்கம் சாய்ந்து ஆடியது.

வீரபாகு அண்ணையால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"மிஸ்ஸி, நில்லுங்கோ, அதைக் கொஞ்சம் இறுக்கிவிடுறன்."

"வேண்டாம் அண்ணை," என்றார் மிஸ்ஸி, திரும்பிப் பாராமலே மிதித்துக்கொண்டு. "நீங்கள் இறுக்கினது போதும்."