தூக்கில் வந்த சீப்பு ஜெல்லி

1996, பிப்ரவரி, இரண்டாவது ஞாயிறு. காலை. பட்டினப்பாக்கம் கரை. கடல் அமைதி. தெற்கிலிருந்து மெல்லிய காற்று. கைவலையில் சீப்பு ஜெல்லி ஒன்று, சிறு நெல்லிக்காய் அளவு, உடலில் சேதமில்லை. கண்ணாடிக் குடுவை கொண்டுசெல்லப்படவில்லை. எவர்சில்வர் தூக்கில், கடல் நீருடன், மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

அன்றைய குறிப்பு இவ்வளவுதான். முந்தைய ஆகஸ்டில் என் மனைவி காலமானதை அதில் எழுதவில்லை. ஆய்வுக் குறிப்பில் அதற்கு இடமில்லை.

நான் மாணவனாக இருந்த காலத்தில் சீப்பு ஜெல்லியைச் சொறிமீனின் நெருங்கிய உறவு என்றே கற்பித்தார்கள். பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இது கொட்டாது; பசையுள்ள இரு நீண்ட நூல்களால் இரையைப் பிடிக்கும். உடலில் எட்டு வரிசைகளாக நுண்மயிர்ச் சீப்புகள் துடுப்புப் போட, அவற்றின் உதவியால் நீந்தும். மூளை கிடையாது. விலங்குகளின் வம்ச மரத்தில் இது எந்தக் கிளையில் எப்போது பிரிந்தது என்பதில் அறிஞர்கள் அப்போதும் ஒத்துப்போகவில்லை. ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியனான எனக்கு அந்தத் தீராத வழக்கு ஒரு நிம்மதியாகவே இருந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பார்மலினில் இட்டுப் பதப்படுத்தினால் இது சுருங்கி உருவிழந்துவிடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே பார்த்து வரைய வேண்டும். பள்ளியில் கணிதம் கற்பித்துவந்த என் மனைவிதான் வரைவாள். குடுவையருகே பென்சிலோடு அமர்ந்து, அது தன் இரு தூண்டில் நூல்களையும் விரிக்கும்வரை அசையாமல் காத்திருப்பாள். என் கட்டுரையின் கடைசிப் படத்தில் உடலை வரைந்து முடித்திருந்தாள். நூல்கள் இரண்டும் மீதமிருந்தன.

அடையாற்றில் தேர்ந்த ஓவியர் ஒருவர் இருப்பதாகவும், படத்தை முழுவதும் புதிதாக வரையச் செய்யலாம் என்றும் பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். நியாயமான யோசனை. கோடை முற்றினால் இவை கரையருகே கிடைப்பது அரிது. அதற்குள் உயிருள்ள ஒன்று கிடைத்தால் மீதியை நானே பார்த்து முடித்துவிடலாம்; அவள் கோடுகள் நிற்கும். கிடைக்காவிட்டால் ஓவியருக்குச் சம்மதம் எழுதிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

அன்று கரையில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் எங்களைப் பல காலமாக அறிந்தவர்.

"இன்னா சார், ரொம்ப நாளா ஆளையே காணோம்? அம்மா வர்லியா?"

"அவ போயிட்டாப்பா. ஆகஸ்ட்ல."

அவர் வலையைக் கீழே வைத்தார். "குடைய புட்சிக்கினு இங்கதான் குந்திகினு இருக்கும். தண்ணிக்குள்ள தண்ணிய இன்னாத்துக்கும்மா தேடுறீங்கன்னு ஒருதபா கேட்டேன். சிரிச்சிச்சு." பிறகு, நான் வலையிலிருந்து பிராணியை இறக்குவதற்குத் தோதாகத் தூக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியின் தங்கை இருந்தாள். டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வுபெற்றவள். எனக்குத் துணையாகச் சில மாதங்கள் தங்க வந்திருந்தாள். அமாவாசைதோறும் என்னைக் கடல் ஸ்நானத்துக்கு அனுப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள்.

"தூக்குல என்ன, அத்திம்பேர்?"

"சமுத்திர ஜலம்."

"இப்பவாவது தோணித்தே."

நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் கையில் மாவிலைக் கொத்து இருந்தது. கூடத்துத் தரையெங்கும் ஈரப் புள்ளிகள்.

"ஆத்துல எல்லா ரூம்லயும் தெளிச்சாச்சு. உங்க ரூம்ல மட்டும் ரெண்டு தரம். அங்கதான் ஜாஸ்தி வேண்டியிருந்தது."

நான் தூக்கை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு கை நீர் மிஞ்சியிருந்தது.

"என்ன தேடறேள்?"

"இதுல ஒரு பிராணி இருந்தது."

"பிராணியா? நான் கையை விட்டேனே!"

"அது கொட்டாது."

"கொட்டாதுன்னு உங்களுக்குத் தெரியும். நேக்குத் தெரியுமோ? சமுத்திர ஜலம்னு வாய் நிறையச் சொன்னேள்."

ஜன்னலருகே கொண்டுபோய்த் தூக்கைச் சற்றே சாய்த்தேன். வெயில் பட்டதும் நீருக்குள் பச்சையும் ஊதாவும் சிவப்புமாக வரிகள் ஓடின. சீப்புகள் அசையும்போது ஒளி சிதறித் தோன்றும் நிறங்கள் அவை. பிராணி முழுதாக இருந்தது.

"பட்டுப் புடவை மடிப்பாட்டம் ஓடறதே," என்றாள். தூக்கருகே குனிந்து, "ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா அக்கா வரமாட்டா. இதைத்தான் பாத்துண்டு உக்காந்திருந்தாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நேக்கு ஒரு நாள் காட்டியிருக்கலாம்."

"நீ பேசிண்டே இருப்பே. இது நூலை விரிக்காது."

"இன்னிக்குப் பேசலை. சரியா?"

என் அறையில் வடிகட்டிய கடல் நீர் சேமிப்பில் இருந்தது. உயரமான கண்ணாடிக் குடுவையில் அதை நிரப்பி, குழிக்கரண்டியால் பிராணியை அதற்குள் மெல்ல இறக்கினேன். என் மைத்துனி வாக்கைக் காப்பாற்றினாள். எதிர் நாற்காலியில், முழங்கையை மேசைமேல் ஊன்றாமல், வாய் திறவாமல் அமர்ந்திருந்தாள். தெருவில் பழவண்டிக்காரர் கூவிப் போனார். பிற்பகலில் அது முதலில் ஒரு நூலையும் பின்னர் மற்றதையும் தளரவிட்டது. ஒவ்வொரு நூலிலிருந்தும் இழைகள் பிரிந்து தொங்கின. உடலைப் போல் பன்மடங்கு நீளம்.

எனக்கு வரையத் தெரியாது. ஆனாலும் அவளுடைய தாளை எடுத்து, அவள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினேன். அவள் கோடு மெலிந்து, தயங்காமல் செல்வது. என்னுடையது தடித்து, நடுவில் மூச்சு வாங்குவது. எங்கே கை மாறுகிறது என்பது எவருக்கும் தெரியும். அதை அழித்துச் சீர்செய்ய விரும்பவில்லை. அளவுகள் சரியாக இருந்தன. விலங்கியலுக்கு அது போதும்.

"அக்கா இன்னும் நன்னா போட்டிருப்பா," என்றாள் மைத்துனி, மௌனம் கலைத்து.

"சந்தேகமில்லை," என்றேன். இருவரும் காப்பி குடித்தோம். நல்ல காப்பி.

மறுநாள் பதிப்பாசிரியருக்குப் படத்தை அனுப்பி, ஓவியர் தேவையில்லை என்று எழுதினேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

இன்னும் செய்யாதவை:

படத்தின் மூலையில் வரைந்தவரின் முதலெழுத்தை இடுவது. ஒருவருடையதா, இருவருடையதா என்று முடிவாகவில்லை.

இதற்குச் சொந்த ஒளி உண்டா என்று இருட்டறையில் பார்ப்பது. அவள் கேட்டிருந்தாள்.

குஞ்சுகளின் வளர்ச்சி நிலைகளை வரைவது.

பட்டினப்பாக்கத்து மீனவரிடம் அச்சான படத்தைக் காட்டுவது.