இடது தொடைப் பட்டை

விழுந்தானாம். பெண்டாட்டி போட்ட தையல் விட்டுப்போய், மரத்திலிருந்து மல்லாக்க விழுந்து, அந்தக் கோபத்தில் அவளை விட்டுவிட்டே போய்விட்டானாம். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனால் பாலோடு இதையும் சேர்த்து ஊற்றித் தருகிறார்கள். பார்த்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். விழுந்தது மணல் மூட்டை. அவன் பக்கத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான்.

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பல்லி என்று பேர். சாலையோர மரங்களில் மின்கம்பியை உரசும் கிளைகளையும், காற்றில் முறிந்து தொங்கும் கொம்புகளையும் ஏறி வெட்டுகிற கம்பெனி அது. ஏணி எட்டாத இடம் என்றால் பல்லியைத்தான் தேடுவார்கள். ஏறிவிட்டால் அவனுக்கு இறங்க மனம் வராது. சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி கீழே நின்று கெஞ்ச வேண்டும். இத்தனைக்கும் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனவன். தரையில் நடந்தால் ஒரு சாய்வு தெரியும். மரத்தில் அது தெரியாது.

வினை அந்தக் காலில்தான் இருந்தது. மேலே தொங்கி வெட்டுகிறவர்கள் இடுப்பைச் சுற்றியும் இரண்டு தொடையைச் சுற்றியும் பட்டை கட்டிக்கொள்வார்கள். பெல்ட் என்பார்கள். கம்பெனி கொடுத்த பெல்ட் இரண்டு காலும் ஒரே பருமனாக உள்ளவனுக்குச் செய்தது. எவ்வளவு இறுக்கினாலும் இவனுடைய இடது தொடையில் பட்டை நிற்காமல் மேலே ஏறிக் கவட்டைக் கடிக்கும். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். அப்புறம் அந்தக் காலைக் கிளையில் வைத்தோமா இல்லையா என்பதே தெரியாது.

பெண்டாட்டி தையல்காரி. வாசல் அறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை முதல் சோபா உறை வரை தைப்பவள். பெல்ட்டை வாங்கிப் பார்த்தவள், இவ்வளவுதானே என்றாள். இடது பட்டையை மடித்துச் சுருக்கி, உள்ளே பஞ்சு வைத்து, சிவப்பு நூலில் ஓட்டினாள். ஒரு ஓட்டு போதாதென்று அதன் மேலேயே இன்னொன்று ஓட்டினாள். புருஷன் உயிராயிற்றே என்று குறுக்கும் நெடுக்குமாக இன்னும் சில. கால்சட்டையின் கவட்டுத் தையல் விடாமல் இருக்க அவள் அப்படித்தான் செய்வாள். எந்தத் தையல்காரியும் அப்படித்தான் செய்வாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவன் அதில்தான் தொங்கினான். கால் மரக்கவில்லை. தொட்டிலில் கிடப்பது போல இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொல்வான். அவள் மெஷினை நிறுத்தாமலே சிரித்துக்கொள்வாள்.

புதிதாக வந்த மேஸ்திரியின் கண்ணில் சிவப்பு நூல் பட்டது. கழற்று என்றார். செய்கிற இடத்திலேயே இழுத்துப் பார்த்து முத்திரை போட்டு வருகிற சாமானில் வெளி ஊசி படக்கூடாது என்றார். கம்பெனித் தையலைவிட இது கெட்டி என்றான் பல்லி. பேச்சு தடித்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த பெண்டாட்டிக்குச் சுருக்கென்றது.

"இழுத்துப் பாக்கணும்னா இதையும் பாருங்கண்ணே. என் நூல் அறுந்துச்சுன்னா மெஷினையே வித்துடறேன்."

"வேணாம் தங்கச்சி, சும்மா கழட்டி வச்சிடலாம்," என்றார் மேஸ்திரி.

அவள் விடவில்லை. பல்லியின் எடைக்கு ஒரு சாக்கில் மணல் நிரப்பி, கம்பெனி முற்றத்து மரக்கிளையில் பெல்ட்டைக் கட்டி, மூட்டையைத் தொடைப் பட்டையில் கோத்து, கொஞ்சம் உயரத் தூக்கி, சட்டென்று கையை விட்டார்கள். பழைய துணி கிழிவது போல ஒரு சத்தம். மூட்டை தரையில் விழுந்து வெடித்தது.

அவள் ஓடிப்போய்ப் பட்டையை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு நூலில் ஓர் இழைகூட அறவில்லை. ஊசி குத்திய ஓட்டைகளின் வரிசையில் பட்டைதான் கிழிந்திருந்தது. கெட்டியாகட்டும் என்று அவள் போட்ட ஒவ்வொரு ஓட்டும் அதன் நாரை அறுத்துக்கொண்டே போயிருந்தது. மழைக்காலத்தில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவன் கால் வழுக்கியிருந்தால்? அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிதறிய மணலைப் பார்த்துக்கொண்டு பல்லி சொன்னான்: "நல்லவேளை, மூட்டைக்குப் பொண்டாட்டி இல்ல."

மேஸ்திரி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

புது பெல்ட் வந்தது. மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு, அதைக் கட்டிக்கொண்டு ஏறினான். கால் பழையபடி மரத்தது. ஒருநாள் உச்சிக்கிளையில் வைத்த கால் தவறி, கையில் ரம்பத்தோடு கயிற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். இறங்கி வந்து பெல்ட்டைக் கழற்றி மேஸ்திரியின் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, வீட்டுத் தையல் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா இதுவும் எனக்கு ஆகாது. இதச் செஞ்சவங்களே என் காலுக்கு அளவெடுத்துச் செஞ்சு குடுக்கட்டும். அதுவரைக்கும் ஏற மாட்டேன்."

ஒருத்தனுக்கென்று தனியாகச் செய்ய ஆபீசில் சம்மதிக்க மாட்டார்கள், கீழே நின்று கிளை இழு என்றார் மேஸ்திரி. வருத்தத்தோடுதான் சொன்னார். இழுத்தான். மேலே வேறொருவன் தொங்க, அவனை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்துவலியோடு வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்தான்.

ஊசியே படாமல் மேலுறை மட்டும் மாட்டித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், பெல்ட் செய்கிற பட்டறைக்கே போய், உட்கார்ந்து வாங்கி வருகிறேன் என்றான். வேலை போய்விடுமே என்றாள். போனால் போகட்டும், பெல்ட் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி மரத்திலும் ஏறலாம் என்றான். பிடிவாதத்தில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. அன்று அவள் விட்டுக்கொடுத்தாள்.

காலையில் அவனை அறை நடுவில் நிறுத்தி, தொடையில் அளவு நாடாவைச் சுற்றினாள். பிறகு கதவு நிலையின் மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கச் சொல்லி, மறுபடி சுற்றினாள். தொங்கும்போது கால் வேறு அளவு காட்டியது. இரண்டு இடத்திலும் நாடாவில் சாக்பீஸால் கோடு போட்டு, நாடாவைச் சுருட்டி அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"நின்ன அளவ அவங்களே கேப்பாங்க. தொங்கற அளவ நீதான் சொல்லணும்."

"நாடா இல்லாம நீ எப்படித் தைப்ப?"

"நீ வர்ற வரைக்கும் சாண் போட்டுத் தைக்கறேன். கெளம்பு."

கதவைத் திறந்துவிட்டவளே அவள்தான். கிழிந்த பெல்ட் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்லி தெருவில் இறங்கினான்.