விழுப்புரம் வரை நின்றேன்

கபடியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம். திண்டிவனத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டர், "மாற்றுத்திறனாளி சீட்டு காலியா கீது, உக்காரும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் கபடி ஆடுறவ" என்று முறைத்துவிட்டு, விழுப்புரம் வரை நின்றே போனேன். இறங்கும்போது முழங்கால் பொம்மென்று வீங்கியிருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அக்கா ஐஸ் வைத்தபடி, "யாருக்குக் காட்ட நின்னுகினு வந்த?" என்று கேட்டார். பஸ்ஸில் ஒருவரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் அதே பஸ்ஸில், அதே சீட்டில் உட்கார்ந்தேன். அக்கா சொன்னபடி தொடையை இறுக்கிப் பத்து வரை எண்ணினேன், விட்டேன், மறுபடி இறுக்கினேன்.

கண்டக்டர் பாவமாகப் பார்த்து, "இனிமே எங்கம்மா கபடி?" என்றார்.

"பிராக்டிஸ்தாண்ணா பண்ணிக்கினு இருக்கேன். பேச்சு குடுக்காதீங்க, எண்ணிக்கை தப்பிடும்."