வி. செபஸ்தியம்மாள்

பாம்பனில் செபஸ்தியம்மாளை டீச்சர் என்று கூப்பிடாத வாய் கிடையாது. கோயில் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி வகுப்பு அவளுடையதுதான். ஆனால் பள்ளிக்கூடக் காகிதத்தில் அவள் டீச்சர் இல்லை, உதவியாள். ஆசிரியப் பயிற்சியில் ஒரு வருஷம் பாக்கி நின்றுபோயிற்று. படிப்பு ஏறாமல் திரும்பி வந்திருப்பாள் என்று யாராவது நினைத்தால் அந்த நினைப்பில் மண் விழ. கொழும்பில் முதல் வருஷப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் அவள். அந்த மிச்ச வருஷத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர் வேறு யாரும் இல்லை, ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய மனுஷன்தான்.

வியாகுலம் என்று பேர். கொழும்பில் கருவாட்டுக் கடை. பெண்சாதி செத்த பிறகு ஒரே மகள் யாகப்பம்மாளைப் பாம்பனில் அண்ணன் வீட்டில் விட்டுவைத்திருந்தார். செபஸ்தியம்மாளின் தகப்பன் சவேரியார் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், வியாகுலத்துக்குப் பால்யத்துக் கூட்டாளி. ஐம்பத்தொன்றாம் வருஷம் ஊருக்கு வந்த வியாகுலம், "ஏலே சவேரி, ஒம் மக நல்லாப் படிக்குதாம்ல. எங்கூட அனுப்பு. கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்துல சேத்து டீச்சராக்கி அனுப்புறேன்" என்றார். சவேரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த மகளை ஏன் கூட்டிப் போகவில்லை என்று யாரோ கேட்டார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய் என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போது செபஸ்தியம்மாளுக்குப் பதினாலு வயது. சேர்ந்த அன்றைக்கே ரிஜிஸ்தரில் தன் பேருக்கு முன்னால் 'வி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். சவேரியார் மகளுக்கு 'ச' அல்லவா வரவேண்டும். கேட்டாள்.

"ஞானத்தகப்பனும் தகப்பன்தானே தாயி. இங்கன ஒனக்கு எல்லாம் நாந்தான்" என்றார் வியாகுலம்.

அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தாயில்லாப் பிள்ளையைத் தவிக்கவிட்டு, ஊரான் பிள்ளைக்குத் தன் பேரைக் கொடுக்கிறாரே என்று அவர்மேல் பாசம் கூடத்தான் செய்தது. லீவில் வந்து அய்யாவிடம் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத சவேரியார், "ஒத்த எழுத்துதானே, இருந்துட்டுப் போகட்டும். நம்ம வியாகுலந்தானே" என்றார். அந்த ஒத்த எழுத்து என்ன பாடு படுத்தும் என்று கடலில் கிடக்கிற மனுஷனுக்கு என்ன தெரியும்?

ஐம்பத்தைந்தாம் வருஷம் மே மாத லீவுக்கு வந்தாள். ஜூன் முப்பதோடு விசா முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்று பாஸ்போர்ட்டையும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு மண்டபம் முகாமுக்குப் போய், அங்கிருந்த இலங்கை அதிகாரியின் முன்னால் நின்றாள். யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட தகப்பன் பேர் என்ன?"

"சவேரியார்."

"அப்ப இந்த 'வி' ஆர்?"

"என் ஞானத்தகப்பன், வியாகுலம்."

அவர் எழுந்துபோய்க் கொழும்பிலிருந்து வந்த ஒரு பைலை எடுத்து வந்தார். "இந்த வியாகுலம் ஐம்பத்தொண்டில இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறார். தனக்கு ஒரே மகள், பேர் செபஸ்தியம்மாள், கொழும்பிலதான் படிக்கிறாள் எண்டு எழுதியிருக்கிறார். பிள்ளை அங்க இருந்தாத்தான் தகப்பனுக்கு உரிமை. ஒரு பிள்ளை ரெண்டு பேருக்கு மகளா இருக்கேலாது" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "நீர் தன்ர மகள் இல்லை எண்டு அவரே ஒரு கடிதம் எழுதித் தரட்டும். முப்பதாம் தேதிக்குள்ள கொண்டு வாரும். விசா குத்தித் தாறன்."

திரும்பி வரும்போது பாலத்தில் ரயில் ஊர்ந்தது. ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று என்று அவள் மனசு அதிலேயே நின்றது. அவளைப் பள்ளியில் சேர்த்ததும் அந்த வருஷம், மனுப் போட்டதும் அந்த வருஷம். படிக்கவைக்கவா கூட்டிப்போனார், இல்லை காட்டுவதற்கு ஒரு மகள் வேண்டுமென்றா? சீ, இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு கடிதம்தானே, கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அந்தோனியார் திருநாளுக்கு வியாகுலம் ஊருக்கு வந்தார். ஓடிப்போய்ச் சொன்னாள். யாகப்பம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். வியாகுலம் காப்பியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுக்கா தாயி முகம் வாடிப்போயி வந்த? எழுதித் தாரேன். அந்த சர்ட்டிபிகேட்டக் குடு, நம்பரெல்லாம் பாத்துல்ல எழுதணும்."

கொடுத்தாள், பைத்தியக்காரி. வேறு யாரிடம் கொடுக்கப் போகிறாள்? அதற்கப்புறம் இன்றைக்கு, நாளைக்கு என்று நடையாய் நடந்தாள். திருநாள் கொடி இறங்கி இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில், "இருபத்தெட்டாம் தேதி போட் மெயில்ல போறேன். ஸ்டேசனுக்கு வந்துரு, கையில குடுத்துர்றேன்" என்றார்.

சவேரியார் கடலுக்குப் போயிருந்ததால் அவள் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். அவர் எழுத மறந்திருந்தாலும் அங்கேயே எழுதி வாங்கிவிடலாமென்று பேனாவில் மை ஊற்றிக்கொண்டு போனாள். பிளாட்பாரத்தில் வியாகுலத்தோடு யாகப்பம்மாளும் நின்றாள். திருநாளுக்குக் கட்டிவிட்டுத் தருகிறேன் என்று இரவல் வாங்கிப்போன செபஸ்தியம்மாளின் நீலக்கரை வெள்ளைப் புடவை அவள் உடம்பில் இருந்தது. அய்யாவை வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று செபஸ்தியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"ஞானப்பா, கடிதம்."

வியாகுலம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அத எழுதினா நாலு வருசம் நாங் காத்துக் கெடந்தது போச்சு தாயி. அங்கன விசாரணைக்குக் கூப்பிட்டுருக்காக. மகளக் கூட்டிட்டு வரணுமாம். நீதான் மண்டபத்துல சவேரியார் மகள்னு சொல்லிட்டு வந்துட்டியே."

"சவேரியார் மகதானே நான்."

"அதத்தான் சொல்றேன்."

"அப்ப நாலு வருசமா மகளே மகளேன்னு கூப்பிட்டதெல்லாம் ஆபீசுக்காகத்தானா?"

அவர் பெட்டியின் கயிற்றை இழுத்து இறுக்கினார். "நீ கெட்டிக்காரி. எங்கன இருந்தாலும் பொழச்சுக்குவ" என்றார்.

"ஆபீசர்ட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன்."

"சொல்லு. பள்ளிக்கூடத்துல குடுத்த காகிதத்துல, இவ வியாகுலம் மகள்னு ஒங்க அய்யாவும் கைநாட்டு வச்சிருக்கான். சாட்சியா. என்ன எழுதியிருக்குன்னு கேட்டானா பாவி? நான் மாட்டுனா அவனும் மாட்டுவான்."

இந்த ஆளை நம்பித்தானே அய்யா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினார். "சர்ட்டிபிகேட்டையாவது குடுங்க" என்று கேட்டாள். அது யாகப்பம்மாள் கையில் வாய் திறந்திருந்த பைக்குள், ஒரு புதுப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்துச் செருகியிருந்தது தெரிந்தது. யாகப்பம்மாள் பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ரயில் வந்து நின்றது. வியாகுலம் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து ஏறினார். வாசலில் நின்று திரும்பி, வெளியே கையை நீட்டினார்.

"செபஸ்தி, வா, ஏறு."

நாலு வருஷமாக, லீவு முடிந்து போகும்போதெல்லாம் இதே வாசலில் நின்று இதே மாதிரிதான் கூப்பிடுவார். அவளுக்குச் சட்டென்று எல்லாம் மறந்துபோயிற்று. மனசு மாறிவிட்டார், கூட்டிப்போகிறார் என்றே நம்பிவிட்டாள்.

"வாரேன் ஞானப்பா" என்று காலை எடுத்து வைத்தாள்.

"வாரேன் அய்யா" என்று பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. யாகப்பம்மாள் அவளைத் தோளால் விலக்கிவிட்டு, தகப்பன் கையைப் பிடித்து ஏறினாள்.