கடிதத்தின் அடியில் இரண்டு எழுத்து

அகிலாண்டேஸ்வரிக்கு எதையும் படிக்காமல் விட முடியாது. கடலை மடித்து வந்த காகிதமானாலும் பிரித்து, நீவி, இரண்டு பக்கமும் படித்த பிறகுதான் குப்பைக்குப் போகும். பாதியில் கிழிந்திருந்தால் போச்சு, மீதி என்னவாக இருக்கும் என்று அன்றைக்கு முழுவதும் மண்டையைக் குடையும். ஊரெல்லாம் கடலைக்காகக் காகிதம் வாங்குகிறது, இவள் காகிதத்துக்காகக் கடலை வாங்குகிறாள் என்று அவள் கணவர் பிச்சுமணி கேலி செய்வார். அதில் பொய்யில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: தெரியாத பாஷையில் டைப் அடிப்பது.

தென்காசியில் தில்லைநாயகம் பிள்ளை நிலாவாரை இலை ஏற்றுமதி செய்து வந்தார். மானாவாரிக் காட்டில் விளைகிற அந்த இலை வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து. இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக நகரத்தில் ஒரு கம்பெனி வருஷா வருஷம் அதைப் பொதி பொதியாக வாங்கியது. இங்கிலீஷில் எழுதினால் பதில் வருவதற்குள் அடுத்த அறுவடையே வந்துவிடும். இத்தாலி பாஷையில் எழுதினால் மூன்றே வாரம். அதனால் பம்பாயில் ஒரு இத்தாலியக் கப்பல் கம்பெனியில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய யாக்கூப் பாயைப் பிள்ளை பிடித்துப் போட்டார். பாய் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கையால் எழுதிக் கொடுப்பார். அகிலாண்டேஸ்வரி அதைப் பார்த்து அடிப்பாள். இது 1975இல் தொடங்கியது.

முதல் நாளே ஒரு சிக்கல். அந்தப் பாஷையில் சில எழுத்துகளின் தலையில் ஒரு சின்னச் சாய்கோடு உண்டு. à என்றும் è என்றும் பாய் எழுதிவிட்டுப் போய்விட்டார். இங்கிலீஷ் டைப்ரைட்டரில் அதற்குக் கீ எங்கே இருக்கிறது? தமிழ் மெஷினில் புள்ளியைத் தட்டினால் காகிதம் சுற்றிய கேரேஜ் நகராது, அதே இடத்தில் எழுத்தும் வந்து விழும். இங்கிலீஷ் மெஷினுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. இவள் விடவில்லை. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தபடியே எழுத்தையும் ஒற்றை மேற்கோள் குறியையும் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்தாள். கோடு சாயாமல் செங்குத்தாக நின்றது. நின்றால் நிற்கட்டும், தலையில் ஏதோ இருக்கிறதே.

பாயிடம் வரிக்கு வரி அர்த்தம் கேட்டு, வியாபாரக் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியங்களை அவள் மனப்பாடமே செய்துவிட்டாள். ‘சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது.’ ‘தங்கள் மாதிரி கிடைத்தது.’ ‘அடுத்த அனுப்புதலை எதிர்பார்க்கிறோம்.’ இத்தாலியில் யாராவது தண்ணீர் கேட்டால் அவளுக்குப் புரியாது. ஆனால் பொதி ஈரமாகிவிட்டது என்று அழகாகப் புகார் செய்வாள்.

ஆபீஸ் கடிதங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில், இடது ஓரத்தில், கடிதத்தைச் சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிதாகவும், ஒரு சாய்கோட்டுக்குப் பிறகு அதை அடித்தவரின் முதலெழுத்துகள் சிறிதாகவும் இருக்கும். தில்லைநாயகத்துக்கு TN. வைத்தியநாதன் மகள் அகிலாண்டேஸ்வரிக்கு va. ஜெனோவாவிலிருந்து வந்த கடிதங்களிலும் அப்படியே ஒரு GB, அதன் பக்கத்தில் mt. கடிதத்தின் அந்த அடி வரைக்கும் யாரும் வந்து படிப்பதில்லை. இவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

யார் இந்த எம்.டி.? ஆணா பெண்ணா? முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தில் காகிதம் ஓட்டையாகியிருக்கும், ஆகவே கோபக்காரர். அடித்து அழித்த இடமே இருக்காது, ஆகவே ரோஷக்காரர். வருஷா வருஷம் ஆகஸ்டில் மட்டும் எம்.டி. காணாமல் போய்விடுவார். ஆகஸ்டுதோறும் என்ன நோய் வரும் என்று இவள் நாலு வருஷம் கவலைப்பட்டாள். இத்தாலியில் ஆகஸ்டு மாதம் ஊரே கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும் என்று பாய் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கவலையை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். மகன் பிறந்தபோது மூன்று மாதம் அவள் வேலைக்குப் போகவில்லை. va இல்லாத அந்தக் கடிதங்களைப் பார்த்து அங்கே யாராவது, எங்கே போனாள் என்று நினைத்திருப்பார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. டைப் அடிப்பவர் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தால் வேலை போய்விடும்.

1988 ஜூனில், குற்றாலத்தில் சீசன் தொடங்கித் தென்காசி முழுக்கச் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பித்தார்கள். அகிலாண்டேஸ்வரி ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். தலைக்கோடுதான் வரவில்லை. இதில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து விழாது. இரண்டாவது எழுத்து பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் கடிதம் கோடே இல்லாமல் மொட்டையாகப் போனது.

பிள்ளைக்கு முகம் சுருங்கியது. பணத்தைக் கொட்டி மெஷின் வாங்கிக் கடிதம் முன்னைவிட மோசமா? மெட்ராஸில் ஒரு ஏஜென்சி இத்தாலிக் கடிதங்களை எழுதி, அடித்து, அனுப்பியும் வைக்கிறதாம். அக்டோபரிலிருந்து அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வேலை போகாது, சம்பளமும் குறையாது. உள்ளூர்க் கடிதங்களை அடித்துக்கொண்டிருக்கலாம். எம்.டி.யின் கடிதம் மட்டும் இனி அவள் கைக்கு வராது. பதின்மூன்று வருஷமாகத் தெரிந்த ஒருவரை யார் என்று தெரியாமலே இழந்துவிடுவோம் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? பிச்சுமணியிடம் சொன்னால்கூடச் சிரிப்பார்.

ஜூலை முதல் வாரம் ஜெனோவாவிலிருந்து பதில் வந்தது. படித்துச் சொல்லப் பாய் இல்லை, மகள் வீட்டுக்குக் காயல்பட்டினம் போயிருந்தார். கடிதத்தின் பின்பக்கம் பின் அடித்திருந்த ஒரு துண்டுச் சீட்டைப் பிள்ளை படக்கென்று கிழித்தெடுத்துப் பார்த்தார். a 133, e 138, e 130, i 141, o 149, u 151. அவருக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். அவர் கிடங்கில் ஒவ்வொரு பொதிக்கும் இலை வாங்கிய ஊரின் முதலெழுத்தும் ஒரு எண்ணும் உண்டு. A என்றால் ஆலங்குளம், E எட்டயபுரம், I இடைகால், O ஓட்டப்பிடாரம், U ஊத்துமலை, K கீழப்பாவூர். அடுத்த கப்பலுக்கான அறுபது பொதிகளின் பட்டியல் முன்பே ஜெனோவாவுக்குப் போயிருந்தது. அதில் இந்த ஆறு பொதியின் மேல் அவர்களுக்கு ஏதோ சந்தேகம் என்று பிள்ளை தீர்மானித்தார். சீட்டின் தலைப்பில் va என்று இருந்தது ‘வெரைட்டி’யாம். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்கு ஓடினார்.

கடற்கரை என்ற கிடங்கு மேஸ்திரி 133ஆம் பொதியைத் தேடியெடுத்தான். அதில் U என்று இருந்தது. 138இல் K. ஊரும் எண்ணும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. நீதான் மாற்றி எழுதித் தொலைத்தாய் என்று பிள்ளை அவன்மேல் பாய்ந்தார். ஆறு பொதியையும் பிரித்தார்கள். இலை முறுகலாக, பச்சை மாறாமல் இருந்தது. குற்றமில்லை என்றதும் அவருக்குப் பயம் அதிகமாகிவிட்டது. மூன்றாம் நாள் அறுபதையும் பிரித்துவிடு என்றார். சாரல் காற்றில் அறுபது பொதியைத் திறந்தால் அத்தனையும் நமத்துப்போகும் என்று மேஸ்திரி ஆபீஸுக்கு வந்து அகிலாண்டேஸ்வரியிடம் புலம்பினான்.

அவளுக்கு அப்போதுதான் அந்தச் சீட்டின் கதையே தெரிந்தது. படிக்காத ஒரு காகிதம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் அவளுக்கு இருப்புக் கொள்ளுமா? கடற்கரையிடம் எண்களையும் எழுத்துகளையும் கேட்டுக்கொண்டாள். பாதிச் சரக்கு கீழப்பாவூர் இலை. பிறகு K ஏன் சீட்டில் ஒன்றுகூட இல்லை? ஜெனோவாக்காரனுக்குக் கீழப்பாவூர் மேல் மட்டும் எப்படி அவ்வளவு நம்பிக்கை வந்தது? குடையை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள். பிள்ளையிடம் சீட்டைக் கேட்டு வாங்கினாள்.

முதலில் கண்ணில் பட்டது தலைப்பு. va. சின்ன எழுத்தில், பதின்மூன்று வருஷமாக அவள் அடித்துவந்த அதே இரண்டு எழுத்து. கீழே ஓரத்தில், அதைவிடச் சின்னதாக, mt. மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு பொடிக்கோடு. மைத்தெறிப்பு என்று நினைத்துப் பிள்ளை அதைக் கவனிக்காமல் விட்டிருந்தார்.

“அண்ணாச்சி, இது பொதிக்கு வந்ததில்ல. எனக்கு வந்தது” என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொதிகளை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஆபீஸுக்கு வந்தார். அவள் கம்ப்யூட்டரில் 133 என்று அடித்தாள். 133 என்றுதான் வந்தது. ஷிப்டை அழுத்திக்கொண்டு அடித்தாள். வேறு குறிகள் வந்தன. கோப்பில் இருந்த கடிதத்தை எடுத்துத் திருப்பினாள். பிள்ளை கிழித்த வேகத்தில் சீட்டின் ஒரு மூலை பின்னுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதில் Alt என்று மூன்று எழுத்து. அந்தப் பெயரில் கீபோர்டில் ஒரு கீ இருக்கிறது. எதற்கென்று தெரியாமல் ஒரு மாதமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதை அழுத்திப் பிடித்து மேல்வரிசை எண்களைத் தட்டினாள், ஒன்றுமில்லை. வலது பக்கம் கணக்குக்கென்று தனியாக இருக்கிற எண்களில் 133 தட்டி விரலை எடுத்தாள்.

திரையில் à வந்து உட்கார்ந்தது. கோடு சரியாகச் சாய்ந்திருந்தது.

இங்கே மொட்டையாகப் போன கடிதத்தை அங்கே ஒருவர் பார்த்து, இவளிடம் புது மெஷின் வந்திருக்கிறது, பாவம், திண்டாடுகிறாள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். பிள்ளை பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் பார்க்காமல் அகிலாண்டேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோடு போட்ட எழுத்தை அச்சடிக்க மாட்டேன் என்று பிரிண்டர் இரண்டு நாள் அடம் பிடித்தது. திருநெல்வேலியிலிருந்து மெஷின் விற்றவர்கள் வந்து, உள்ளே ஒரு குட்டி சுவிட்சை மாற்றிய பிறகு அதுவும் வழிக்கு வந்தது. பிள்ளைக்குச் சந்தோஷம்தான். ஆனால் மெட்ராஸ் ஏஜென்சிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டதாம். அக்டோபர் அக்டோபர்தான்.

பாய் திரும்பி வந்து எழுதிக் கொடுத்த பதில் கடிதத்தை அவள் ஒரு கோடு விடாமல் அடித்தாள். கடைசியில் TN/va போட்டாள். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள். சொந்தமாக எழுத அந்தப் பாஷையில் அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்ததை எழுதினாள். mt: சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. நன்றி. பிள்ளை வழக்கம்போல மேலே கையெழுத்துப் போட்டார், அடியில் பார்க்கவில்லை. தபால் போன பிறகுதான் வேலை போய்விடுமே என்ற நினைப்பு அவளுக்கு வந்தது.

ஆகஸ்டில் பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் தினமும் தபால்காரரைப் பார்த்தாள். செப்டம்பர் நடுவில் கடிதம் வந்தது. பிள்ளை எதிரில் உட்கார்ந்து பாய் வரிவரியாகத் தமிழில் சொன்னார். கப்பல் தேதி, பொதிக் கணக்கு, வணக்கம். முடித்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றார்.

“சரக்கு நல்லபடியா வந்ததுல மகிழ்ச்சி. அடுத்த அனுப்புதலை ஆவலோட எதிர்பார்க்கோம்.”

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரக்கு இன்னும் தூத்துக்குடிக்கே போகலையே பாய். எவன் சரக்கு வந்துச்சுன்னு சொல்லுதான்?”

பாய்க்கு விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அகிலாண்டேஸ்வரி எழுந்து நின்று, தான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். வேலையைவிட்டுப் போகச் சொன்னால் போய்விடுகிறேன் என்றும் சொன்னாள். பிள்ளை கடிதத்தை வாங்கி, பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாக அதன் அடியைப் பார்த்தார்.

“யாரும்மா இது?”

“தெரியாது அண்ணாச்சி. பதிமூணு வருசப் பழக்கம்.”

பிள்ளை கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மெட்ராஸ் ஏஜென்சியின் காகிதங்கள் மேஜைமேல்தான் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுப் பாயைப் பார்த்தார்.

“இத எப்படி வேய் மெட்ராஸ்காரனுக்கு மாத்திக் குடுக்க?” என்றவர், கடிதத்தை அவள் பக்கம் நீட்டினார். “உக்காரு தாயி. பதில் அடி. நம்ம கடிதம் பொறவு பாத்துக்கிடலாம், மொதல்ல உன் வரிய அடி.”