தயிரா, டயரா?

பிள்ளைகளே, எனக்குக் காது நன்றாகவே கேட்கும், டாக்டரே சொன்னார். ஆனால் சத்தத்துக்கு நடுவே யாராவது பேசினால், சொல் மூளைக்குள் போய் வேறு சொல்லாகிவிடும்.

வங்காளத்தில், நம் ஜாதவ்பூர் வீட்டில் ஒரு ஞாயிறு, உங்கள் அம்மாவின் சித்தப்பா விருந்துக்கு வந்திருந்தார். வாசலில் நின்ற என்னிடம் அம்மா மாடியிலிருந்து ஏதோ வாங்கிவரச் சொன்னாள். தெருவில் ஒரே பஸ் ஹார்ன். நான் ஓடிப்போய் சைக்கிள் டயர் வாங்கிவந்தேன்.

"தயிர் கேட்டேங்க" என்றாள் அம்மா.

வெறும் சாதத்தோடு காத்திருந்த சித்தப்பா, "பரவாயில்ல மாப்ள, காத்தடிச்சுக் குடுங்க" என்றார்.

வெட்கத்தோடு மறுபடி ஓடினேன். அன்றுமுதல் அம்மா என் முகத்துக்கு நேரே வந்து, தமிழில் ஒரு தடவை, வங்காள மொழியில் ஒரு தடவை சொல்கிறாள்: "தயிர், தோய்." இரண்டும் ஒரே சாமான்தான் என்று தெரிந்த பிறகே செருப்பை மாட்டுகிறேன்.